கிரௌஸ் காட்டுக்குக் குடும்பத்தோடு போனால் நாயும் கூட வரட்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், செப்டம்பர் பிறந்தாலே அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாக் காட்டின் மேல் மனம் போய்விடுகிற இந்த அவைக்கும் வணக்கம்.

"குடும்பத்தோடு போகும் கிரௌஸ் வேட்டைக்கு நாய் வேண்டுமா, வேண்டாமா?" என்பது கேள்வி. கிரௌஸ் என்பது கோழியை ஒத்த காட்டுப் பறவை. நாய் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். நின்று நின்று நடந்தால் பறவை தானே கிளம்பும், நாய் எதற்கு என்றார். நாய் முன்னால் ஓடி, துப்பாக்கிக்கு எட்டாத தூரத்திலேயே பறவையைக் கிளப்பிவிடும் என்றார். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நாயையும் மேய்க்க முடியாது என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் தொடாமலே விட்ட ஒன்று இருக்கிறது நடுவர் அவர்களே. அது சுடப்பட்டு விழுந்த பறவை. என் வழக்கு அதில்தான் நிற்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் தேடிப் போகும் ரஃப்டு கிரௌஸ் அரை கிலோவுக்குச் சற்று மேலே எடை உள்ள பறவை. பழுப்பும் சாம்பலும் கறுப்புமாக வரி வரியான இறகு. அக்டோபரில் ஆஸ்பென் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகும் அதே நிறம்தான். 20 கேஜ் அளவுக் குழல் உள்ள துப்பாக்கியில் முக்கால் அவுன்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏழரை நம்பர் ரவை, அதாவது பொடிக் குண்டு, போட்டால், ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 300 ரவை இருக்கும். பறவை கிளம்பி ஒரு மரத்தைத் தனக்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு போகிறது. பாதி ரவையை மரமும் புதரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் ஒன்றிரண்டு மட்டும் இறக்கை எலும்பில் பட்டால் பறவை விழும், ஆனால் சாகாது. விழுந்த இடத்தில் நிற்கவும் நிற்காது. கால் இரண்டும் நன்றாக இருக்கிறதே! சத்தமில்லாமல் ஓடி, சாய்ந்து கிடக்கும் ஒரு மரத்தின் அடியிலோ புதர் வேரின் இடுக்கிலோ தலையை நுழைத்துக்கொள்ளும்.

நாய் இல்லாதவர் என்ன செய்ய முடியும்? செய்ய வேண்டியதை ஒழுங்காகவே சொல்கிறேன். பறவை விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பினாலும் அதன் பின்னால் போகக் கூடாது. நேராக நடந்து போய், விழுந்ததாக நினைக்கும் இடத்தில் தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டு, அதைச் சுற்றி வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கித் தேட வேண்டும். இறகு உதிர்ந்து கிடந்தால் அங்கே குனிந்து தடம் பார்க்க வேண்டும். இவ்வளவும் செத்து விழுந்த பறவைக்குச் சரி. ஓடிய பறவைக்குத் தொப்பி என்ன செய்யும்? ஓடும் பறவையின் வாடை தரையில் கோடாகக் கிடக்கிறது, அதைப் படிக்கும் கருவி மனிதனிடம் இல்லை. காயம்பட்டதைக் காட்டிலேயே நரிக்கு விட்டுவிட்டு வருவது எனக்கு ஏற்கவில்லை. சுட்டதைக் கையில் எடுக்க வேண்டியது சுட்டவரின் கடமை. அந்தக் கடமையைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தானே குடும்பத்தோடு போகிறோம்?

இனி எதிரணித் தலைவரின் முதல் வாதம். நின்று நின்று நடப்பது வேலை செய்யும், மறுக்கவில்லை. இருபது முப்பது அடி நடந்து சட்டென்று நின்றால், ஒளிந்திருக்கும் கிரௌஸுக்குத் தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று பதற்றம் வரும். அரை நிமிடத்தில் கிளம்பிவிடும். ஆனால் இந்த வித்தை பாதை ஓரத்தில்தான் நன்றாகப் பலிக்கும். காலையில் பறவை கிளோவர் இலை தின்னப் பாதைக்கு வருகிறது. அந்த ஓரத்தைக் கடந்த பிறகு அது வாழும் இடம் எது? வெட்டி விட்ட பிறகு மறுபடி முளைத்து அடர்ந்த ஆஸ்பென், ஐந்து வயதிலிருந்து இருபது வயது வரை. பக்கத்தில் ஈரத்தில் வளரும் ஆல்டர் புதர். ஆஸ்பெனும் கிரௌஸும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதை காட்டுயிர் ஆய்வாளர் கார்டன் கல்லியன் மினசோட்டாவின் கிளோக்கே ஊர்க் காட்டில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சொன்னார். இளங்கன்றுகளின் நெருக்கத்தில் பருந்தும் ஆந்தையும் இறங்க முடியாது, அதனால் அங்கே குஞ்சு பிழைக்கிறது. குளிர்காலத்துக்கு முதிர்ந்த ஆண் ஆஸ்பென் மரத்தின் பூமொட்டும் வேண்டும். இந்த நெருக்கத்துக்குள் ஒரு மனிதர் பத்தடி அகலத்துக்கு மேல் துழாவ முடியாது. பறவை அசையாமல் உட்கார்ந்து உங்களைக் கடந்து போக விட்டுவிடும். நாய் காற்றுக்கு எதிரே இடமும் வலமுமாகப் போனால், மூன்று பேர் வரிசையாக நடந்தும் தவறவிடும் பறவையை மூக்கால் பிடிக்கும்.

இரண்டாவது வாதம்: நாய் தூரத்திலேயே கிளப்பிவிடும். பழக்காத நாய் கட்டாயம் கிளப்பிவிடும். அந்த இடத்தில் எதிரணிக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் குற்றம் நாயிடம் இல்லை, அழைத்து வந்தவரிடம். ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், காக்கர், லாப்ரடார் போன்றவை பறவையைக் கிளப்பும் நாய்கள். அவை உங்களிடமிருந்து 20 கஜத்துக்குள் வேலை செய்ய வேண்டும். விசில் ஒரு தடவை ஊதினால் திரும்ப வேண்டும். இது வீட்டுப் புல்வெளியில் ஊன்றவில்லை என்றால் காட்டில் வரவே வராது. இங்கிலீஷ் செட்டர், பிரிட்டனி போன்றவை பறவையின் வாடை வந்ததும் சிலையாக நின்றுவிடும். அவை தூரம் போகலாம், கழுத்தில் மணி இருந்தால் போதும். மணி ஓசை எங்கே நின்றதோ அங்கே நாய் நிற்கிறது, அதன் முன்னால் பறவை இருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். மணி நின்றதும் ஓடுகிறார்கள். நாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே வந்தால் பறவை முன்னால் நடந்து நழுவிவிடும். பக்கவாட்டில் அகலமாகச் சுற்றி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே பறவை அகப்படுகிற மாதிரி வர வேண்டும். கிளை நெருக்கத்தில் நிற்கக் கூடாது. நீங்கள் நின்ற நொடியில்தான் பறவை கிளம்பும், அப்போது துப்பாக்கியை வீச இடம் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். நிற்பதானால் வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். இளம் நாயோடு போகும்போது இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அது நின்று காட்டாமல் துரத்திக் கிளப்பிய பறவையைச் சுடவே கூடாது. சுட்டுக் கொடுத்தால், துரத்தினால் பரிசு உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு அதை மாற்றப் பல மாதம் ஆகும்.

மூன்றாவது வாதம் பிள்ளைகளைப் பற்றியது. நடுவர் அவர்களே, இந்த இடத்தில் நான் முழுக்க எதிர்க்கிறேன். நாய் வந்தால் பிள்ளைகளின் பாதுகாப்பு கூடுகிறது! எப்படி? நாய் நின்றதும் எல்லாரும் நிற்கிறோம், யார் எங்கே என்று வாய்விட்டுச் சொல்கிறோம், யார் சுடுவது என்று முடிவு செய்த பிறகே ஒருவர் முன்னே போகிறார். நாய் இல்லாத நடையில் பறவை எந்தப் பக்கம் கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாத் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் திரும்பும். குடும்பத்தில் விபத்து வரும் நொடி அதுதான்.

விதிகள் கறாராக இருக்க வேண்டும். வரிசையாக நடக்கும்போது ஒவ்வொருவருக்கும் தன் முன்னுள்ள பங்குதான், பக்கத்தில் இருப்பவரின் திசைக்குக் குழல் போகக் கூடாது. பறவைக்குக் கீழே வானம் தெரியாவிட்டால் சுடக் கூடாது. தாழப் பறக்கும் பறவையின் பின்னால் நாயோ பிள்ளையோ இருக்கலாம். விழுந்த மரத்தைத் தாண்டும்போது துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். மினசோட்டாவில் இடுப்புக்கு மேல் ஒரு துணியாவது பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் தொப்பியும் மேலங்கியும் இரண்டுமே வேண்டும் என்பேன். 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். முதல் பருவத்தில் பிள்ளை துப்பாக்கி இல்லாமலே வரட்டும். நாயின் மணியைக் கேட்பதும், விழுந்த இடத்தைக் குறிப்பதும் அதன் வேலை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு ஐந்து பறவைதான் அனுமதி, அதே காட்டில் வாழும் இன்னொரு கிரௌஸ் வகையான ஸ்ப்ரூஸ் கிரௌஸும் அந்த ஐந்தில் சேர்த்திதான். எண்ணும் பொறுப்பையும் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம்.

நாய் கொண்டுவந்த பறவையைக் கையில் வாங்கியதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாலுக்கு மேலே முதுகின் அடியில் உள்ள இறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தால் பெட்டை, இரண்டு மூன்று இருந்தால் பெரும்பாலும் சேவல். பிறகு கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையைக் கத்தியால் மெல்லக் கீறுங்கள். கிளோவர் இலை பச்சையாக, நறுக்கியது போலத் துண்டு துண்டாக விழும். சில நாள் சிவப்புக் காட்டுப் பழமும், சில நாள் ஹேசல் செடியின் பூங்கொத்தும் இருக்கும். எது இருக்கிறதோ அது கிடைக்கும் இடத்துக்குத்தான் அடுத்த நடை. இந்த ஒரு பாடத்துக்காகவே பிள்ளைகள் மறுபடி வருவார்கள் என்று நம்புகிறேன்.

எதிரணி சொல்லாத ஆபத்துகளை நானே சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. வடகாட்டில் நாய்க்குப் பெரிய எதிரி முள்ளம்பன்றி. அதன் முள் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. விட்டுவிட்டால் முள் தசைக்குள் நகர்ந்துகொண்டே போகும். முள்ளை வெட்டினால் காற்று போய்ச் சுலபமாக வரும் என்பது தவறான நம்பிக்கை. வெட்டினால் பிடிக்க முனை இல்லாமல் போகும், சிம்பாக உடையவும் செய்யும். ஒருவர் நாயைக் கட்டிப் பிடிக்க, இன்னொருவர் குறடால் தோலை ஒட்டிப் பிடித்து, வந்த வழியே நேராக இழுக்க வேண்டும். வாய்க்குள்ளும் கண்ணருகிலும் இருந்தால் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் ரோம விலங்குகளுக்கு வைக்கும் இரும்புப் பொறிகளும் காட்டில் இருக்கும். உடலை நெரிக்கும் பொறியின் இரண்டு வளையங்களுக்குள் கயிற்றை நுழைத்து, ஒரு முனையை மிதித்து, மறுமுனையை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். இதைக் காட்டில் போய்க் கற்க நேரம் இருக்காது. வீட்டிலேயே பழக வேண்டும். கம்பிச் சுருக்கை வெட்ட வெட்டுக்குறடும் பையில் வேண்டும்.

செப்டம்பர் வெயில் இன்னொன்று. 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காலை வேளையோடு நிறுத்துங்கள். நாய்க்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் சுமந்து, கால்மணிக்கொரு தடவை கொடுங்கள். காய்ந்த நாளில் வாடையும் நிற்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும் நாய் மோப்பமும் பிடிக்காது. மாலையில் காருக்குத் திரும்பியதும் நாயின் கண்ணின் கீழ் இமையைத் தாழ்த்திப் புல் விதை இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குப் பின்னாலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் நாய்க்கும் வரும், உங்கள் பிள்ளைக்கும் வரும். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம்.

செலவைப் பற்றி இன்னொரு நண்பர் சொன்னார். உண்மைதான், வேட்டை சில வாரம், தீனி வருடம் முழுக்க. அதனால் வேட்டைக்காக மட்டும் நாய் வாங்காதீர்கள். மற்ற மாதங்களிலும் வீட்டில் ஒருவராக வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் மட்டும் வாங்குங்கள். முடியாதவர்கள், நாய் வைத்திருக்கும் உறவினரை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். அதுவும் முடியாத அன்று, தூரத்துப் பறவையை விட்டுவிட்டுத் திறந்த பாதையில் கிட்ட கிளம்புவதை மட்டும் சுடுங்கள், விழுந்த ஒவ்வொன்றையும் கையில் எடுக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.