நெருப்பில் போட்டதும் கையில் வைத்துக்கொண்டதும்

அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்கா கிறிஸ்தவத்துக்கு மாறிய கதையை எடுத்தால், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், அவர் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்பார்கள். ஆசைகாட்டித்தான் ஜனங்களை மாற்றினார்கள் என்றும் சொல்வார்கள். இன்று நான் சொல்லப்போகிற கதையில் அந்த மூன்றும் கிடையாது. 1913 நடுவில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள், ஐவரி கோஸ்டின் கடலோரத்திலும் அதை ஒட்டிய கோல்ட் கோஸ்டின் மேற்கு மூலையிலும் (இன்றைய கானா) ஒரு லட்சம் பேருக்கு மேல் பழைய வழிபாட்டை விட்டு ஞானஸ்நானம் பெற்றதாக மதிப்பிடுகிறார்கள். கொடுத்தவர் அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த ஒரு கறுப்பர். எந்த மிஷனும் அவரை அனுப்பவில்லை.

பெயர் வில்லியம் வாடே ஹாரிஸ். லைபீரியாவில் கேப் பால்மாஸ் பக்கத்தில், கிரெபோ இனத்தில் 1860 வாக்கில் பிறந்தவர். கப்பலில் கூலி, கொத்தனார், மிஷன் பள்ளி வாத்தியார், அரசாங்க மொழிபெயர்ப்பாளர் என்று பல வேலை பார்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கையில்தான் அப்போது லைபீரிய ஆட்சி இருந்தது. அதை எதிர்த்து 1909-ல் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கேதான் காபிரியேல் தூதன் தன்னிடம் பேசியதாகச் சொன்னார். வெளியே வந்தவர் துரைமார் உடுப்பையும் பூட்ஸையும் விட்டுவிட்டார். வெள்ளை அங்கி, தலைப்பாகை, கையில் மூங்கில் சிலுவை, ஒரு வேதாகமம், தண்ணீர் எடுக்க ஒரு சுரைக்குடுக்கை. 1913 ஜூலையில் லைபீரியாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் எல்லையான கவாலி ஆற்றைக் கடந்து கிழக்கே நடக்க ஆரம்பித்தார். கூடவே இரண்டு பெண்கள், மணி கோத்த சுரைக்குடுக்கையைக் குலுக்கிப் பாடிக்கொண்டு.

அவர் ஒரு ஊருக்குள் வந்தால் என்ன நடக்கும்? பாட்டுச் சத்தத்துக்குக் கூட்டம் கூடும். ஹாரிஸ் உடைந்த ஆங்கிலத்தில் பேச, யாராவது ஊர்ப்பேச்சில் மாற்றிச் சொல்வார்கள். அப்புறம் ஜனங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் காவல் பொருள்களை எடுத்து வருவார்கள்: மரத்தில் செதுக்கிய உருவங்கள், தாயத்துகள், பலி கொடுத்த கலயங்கள். எல்லாம் குவிந்ததும் நெருப்பு. அதன் பிறகு ஒவ்வொருவராக முழந்தாளிட்டு அந்த மூங்கில் சிலுவையைப் பிடிப்பார்கள். சிலருக்கு உடம்பு நடுங்கும், சிலர் விழுந்து புரள்வார்கள். ஹாரிஸ் குடுக்கைத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வேதாகமத்தை உச்சியில் வைப்பார். அவ்வளவுதான்.

கத்தோலிக்க மிஷன் அதே கரையில் 1895-லிருந்து இருக்கிறது. இருபது ஆண்டுகளில் அவர்களால் இப்படி ஒரு கூட்டத்தைத் திருப்ப முடியவில்லை. ஏன்? என் கட்சி இதுதான்: ஹாரிஸ் அந்த ஜனங்களின் பயத்தை மதித்தார். ஐரோப்பியப் பாதிரிமார்களில் பலர், ஆவியுமில்லை, சூனியமுமில்லை, எல்லாம் மூடநம்பிக்கை என்று சொன்னார்கள். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், இன்னார் வைத்த சூனியம் என்று நடுங்குகிற தாய்க்கு அந்தப் பதிலால் என்ன பிரயோஜனம்? ஹாரிஸ் ஆவி இருக்கிறது என்றார். நான் சொல்லும் கடவுள் அதைவிடப் பலசாலி, அவர் பெயரால் நான் அதை விரட்டுவேன் என்றார். ஞானஸ்நானத்தையும் அன்றைக்கே கொடுத்தார். மற்றவர்கள் பாடம் கற்றுக்கொடுத்துச் சோதித்து, மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் காக்க வைப்பார்கள். காவலையெல்லாம் எரித்துவிட்டு நிற்கிறவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப ஹாரிஸுக்கு மனசில்லை.

பழைய சமயம் வெறும் பயம் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அநியாயம். படைத்தவன் ஒருவன் உண்டு என்பது அக்கான் இன மக்களுக்கு முன்பே தெரியும். நியாமே என்று அழைத்தார்கள். விளைச்சல், பிள்ளைப்பேறு, முன்னோர் எல்லாமே அந்த வழிபாட்டுக்குள் இருந்தன. 1908-க்குப் பிறகு ஐவரி கோஸ்டை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் ஆங்குல்வான் கிராமங்களை அடக்கி, துப்பாக்கிகளைப் பறித்து, தலைவரி வசூலித்து, கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தபோது, பழைய காவல் காக்கவில்லையே என்ற கேள்வி பலருக்கு வந்திருக்க வேண்டும். எரிந்துபோன சிற்பங்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அவை அவர்கள் வீட்டுப் பொருள்கள். வைத்துக்கொள்வதா எரிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை, பின்னால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிக்கிற நமக்கு இல்லை.

எல்லாவற்றையும் அவர்கள் எரித்துவிடவும் இல்லை. நாங்கள் எந்தப் பாட்டைப் பாடுவது என்று டிடா இன மக்கள் கேட்டதற்கு, உங்கள் பாட்டையே கடவுளுக்குப் பாடுங்கள், சொற்களை மட்டும் மாற்றுங்கள் என்றார் ஹாரிஸ். கோல்ட் கோஸ்டின் நிசெமா பகுதியில் பழைய சமயத்தின் பெண் பூசாரியாக இருந்த கிரேஸ் தானி ஹாரிஸோடு சேர்ந்தார். பின்னாளில் பன்னிரண்டு அப்போஸ்தலர் சபை என்ற சபையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அந்தச் சபை பிணி தீர்க்கும் ஊழியத்தையும் சுரைக்குடுக்கை இசையையும் விடவில்லை.

1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்தது. அதுவரை ஹாரிஸைப் பொறுத்துக்கொண்ட பிரெஞ்சு அதிகாரிகளுக்கு இவ்வளவு பெரிய கூட்டம் ஒருவர் பின்னால் போவது பயமாகிவிட்டது. பிடித்து அடித்து, லைபீரியாவுக்குத் துரத்தினார்கள். ஊர் ஊராகக் கட்டியிருந்த ஜெப வீடுகளையும் இடித்தார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளைப் பற்றித்தான். போதகர் கிடையாது, காசு கிடையாது, அதிகாரிகளின் கெடுபிடி வேறு. வேதாகமத்தோடு வந்து கற்பிப்பவர்களுக்குக் காத்திருங்கள் என்று ஹாரிஸ் சொல்லியிருந்தார். காத்திருந்தார்கள். பல ஊர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பொறுப்பில் சபையை நடத்தினார்கள். வாசிக்கத் தெரியாத ஆங்கில வேதாகமத்தை வாங்கிவந்து மேடையில் வைத்திருந்தார்கள். 1924-ல் மெத்தடிஸ்ட் மிஷனரி வில்லியம் பிளாட் ஐவரி கோஸ்டுக்குப் போனபோது, ஊர் ஊராக இப்படிக் காத்திருந்தவர்களைக் கண்டார். ஆசைகாட்டி மாற்றப்பட்ட கூட்டம், ஆசைகாட்ட ஆளே இல்லாத பத்து ஆண்டுகள் நிற்குமா?

சரி, மிஷன் வந்ததும் எல்லாம் சுகமாக முடிந்ததா என்றால், இல்லை. பல மனைவியர் உள்ளவர்களையும் ஹாரிஸ் சேர்த்துக்கொண்டவர். மிஷனோ ஒரு மனைவிதான் என்றது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை, பிள்ளை பெற்றவளை, எந்தத் தப்பும் செய்யாதவளை வெளியே அனுப்பு என்றால், அதைக் கிறிஸ்துவின் பெயரால் எப்படிச் செய்வது? அந்த மனிதர்கள் தடுமாறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. சபைக்குக் காணிக்கைப் பணம் கட்டச் சொன்னதும் பலருக்கு உறுத்தியது. 1928 இறுதியில் ஐவரி கோஸ்டின் எப்ரியே இனத்தைச் சேர்ந்த ஜான் அஹுய் லைபீரியாவுக்குப் போய் முதியவரான ஹாரிஸைச் சந்தித்தார். ஹாரிஸ் தன் சிலுவைக் கோலையும் ஒரு வேதாகமத்தையும் கொடுத்து, மறுபடி தொடங்கு என்று அனுப்பினார். மறு ஆண்டே ஹாரிஸ் இறந்துபோனார். அஹுய் 1992 வரை வாழ்ந்தார். அவர் நடத்திய ஹாரிஸ் சபை 1998-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தது. ஹாரிஸிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் மற்றொரு பகுதியினர் வழிவந்த மெத்தடிஸ்ட் சபையும் ஐவரி கோஸ்டில் இன்றைக்கும் நடக்கிறது.