டைட்டானிக் அட்டவணை: அந்த 212ஐ எதால வகுக்கணும்?

வணக்கம். இன்னைக்கு இருவழி அட்டவணையில, அதாவது ஆட்களை ரெண்டு விதமாப் பிரிச்சு எண்ணுற அட்டவணையில, சார்பு நிகழ்வெண் (ஒரு எண்ணிக்கை ஏதோ ஒரு மொத்தத்துல எத்தனை பங்கு) எப்படிப் போடுறதுன்னு பார்க்கப்போறோம். ஸ்கிரீன்ல இருக்கிறது 1912ல மூழ்கின டைட்டானிக் டேட்டா. புள்ளியியல் வகுப்புல அடிக்கடி வர்றது, மொத்தம் 2201 பேர். இடப்பக்கம் கீழ்நோக்கி நாலு நிரை: முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்பு, கப்பல் ஊழியர். மேல மூணு நிரல்: பிழைச்சவங்க, இறந்தவங்க, மொத்தம்.

முதல் வகுப்புல 325 பேர்ல 203 பேர் பிழைச்சாங்க. ரெண்டாவதுல 285க்கு 118. மூணாவதுல 706க்கு 178. ஊழியர் 885 பேர்ல 212. பிழைச்சவங்க மொத்தம் 711. எதையும் வகுக்குறதுக்கு முன்னாடி அட்டவணை ஓரத்துல வர்ற இந்த நிரை, நிரல் மொத்தங்களக் கூட்டிச் சரிபார்த்துடுங்க. அது தப்புன்னா அதுக்கப்புறம் வர்ற அத்தனை சதவீதமும் தப்புதான்.

இப்போ அந்த 212ஐ மட்டும் எடுத்துக்கலாம். நாலு வகையிலயும் பெரிய எண் அதுதான். அதனால ஊழியர்கள்தான் நல்லாத் தப்பிச்சாங்கன்னு சொல்லலாமா?

212ஐ 885ஆல வகுத்தா 24.0%. 711ஆல வகுத்தா 29.8%. 2201ஆல வகுத்தா 9.6%. மூணும் சரியான கணக்குதான், ஆனா மூணும் வேற வேற கேள்விக்குப் பதில். முதலாவது, ஊழியர்கள்ல எத்தனை பங்கு பிழைச்சாங்க. ரெண்டாவது, பிழைச்சவங்கள்ல எத்தனை பங்கு ஊழியர். மூணாவது, கப்பல்ல இருந்த எல்லாரையும் எடுத்துக்கிட்டா, ஊழியராவும் இருந்து பிழைச்சும் இருந்தவங்க எத்தனை பங்கு. 'இவங்கள்ல எத்தனை பேர்'னு கேட்டா, அந்த 'இவங்க' யாரோ அவங்க மொத்தம்தான் கீழ வரணும். மனசுல வச்சுக்க வேண்டியது இது ஒண்ணுதான்.

வகுப்புக்கும் பிழைக்கிறதுக்கும் தொடர்பு இருக்கான்னு பார்க்க நமக்கு நிரைச் சதவீதம் வேணும், அதாவது ஒவ்வொரு நிரையிலயும் பிழைச்சவங்களை அந்த நிரையோட மொத்தத்தால வகுக்குறது. மேலிருந்து கீழ 62.5, 41.4, 25.2, 24.0. ஒட்டுமொத்தமா 711 பை 2201, அதாவது 32.3. தொடர்பே இல்லைன்னா நாலு நிரையும் இந்த 32.3 பக்கத்துலயே நின்னிருக்கும். இங்க அப்படியா இருக்கு? பிழைச்சவங்கள்ல பெரிய பங்கு ஊழியர்தான், 29.8%. ஆனா பிழைச்ச வீதத்துல அவங்கதான் கடைசி. ஆள் எண்ணிக்கை அதிகம், அதனால பங்கும் பெருசாத் தெரியுது, அவ்வளவுதான்.

எக்செல்ல போடுறவங்களுக்கு: பெயர் ஏ நிரல்ல, பிழைச்சவங்க பி, இறந்தவங்க சி, மொத்தம் டி. டேட்டா 2லிருந்து 5 வரை, கூட்டல் 6ஆவது நிரையில. நிரைச் சதவீதத்துக்கு பி2 பை டாலர் டி2. நிரல் சதவீதத்துக்கு, அதாவது நிரலோட மொத்தத்தால வகுக்குறதுக்கு, பி2 பை பி டாலர் 6. மொத்தத்துல பங்குன்னா பி2 பை டாலர் டி டாலர் 6. டாலர் குறி தனக்கு அடுத்து வர்ற எழுத்தையோ எண்ணையோ நகராமப் பிடிச்சு வைக்கும். அதை விட்டுட்டு ஃபார்முலாவை மத்த செல்லுக்கு இழுத்தா வகுக்குற செல் நகர்ந்து காலி இடத்துக்குப் போயிடும், பூஜ்யத்தால வகுக்குற எரர் வரும். எரர் வந்தா நல்லது, கண்ணுல பட்டுடும். நகர்ந்த இடத்துல வேற ஏதாவது எண் இருந்தா சத்தமில்லாமத் தப்பு விடை வரும், அதுதான் ஆபத்து. எக்செல் தானா தொகுத்துக் கொடுக்குற பிவட் டேபிள்ல ரைட் கிளிக் பண்ணி 'ஷோ வேல்யூஸ் ஆஸ்' போனா மூணுமே ரெடியா இருக்கு.

அடிக்கடி வர்ற தப்பு, அந்த நாலு நிரைச் சதவீதத்தையும் கூட்டி நாலால வகுக்குறது. 38.3 வரும், உண்மை 32.3. 325 பேர் குழுவுக்கும் 885 பேர் குழுவுக்கும் ஒரே எடை கொடுத்தா இப்படித்தான் ஆகும். இன்னொண்ணு, பிழைச்சவங்க நிரலோட சதவீதங்களை (ஒவ்வொண்ணும் 711ஆல வகுத்தது) முழு எண்ணாக்கினா 29, 17, 25, 30, கூட்டினா 101. அது ரவுண்டிங்தான். ஒண்ணக் குறைச்சு 100 ஆக்கிடாதீங்க, ஒரு தசம இடம் காட்டுங்க, போதும்.

இப்போ கொஞ்சம் சுவாரசியமான இடம். மூணாம் வகுப்பு 25.2, ஊழியர் 24.0. மூணாம் வகுப்பு ஒரு படி மேலன்னு தோணுது. ஆண், பெண்ணுன்னு பிரிச்சுப் பாருங்க. ஆண்கள்ல மூணாம் வகுப்பு 510க்கு 88, அதாவது 17.3%. ஊழியர் 862க்கு 192, 22.3%. பெண்கள்ல மூணாம் வகுப்பு 196க்கு 90, 45.9%. ஊழியர் 23க்கு 20, 87.0%. ரெண்டு பக்கமும் ஊழியர்தான் மேல! சேர்த்தா மட்டும் தலைகீழாகுது. இதுக்குப் பேரு சிம்ப்சன் முரண்பாடு. காரணம் கலவை: பெண்கள் பிழைச்ச வீதம் ரொம்ப அதிகம், மூணாம் வகுப்புல அவங்க 27.8%, ஊழியர்ல வெறும் 2.6%.

ஆனா அந்த 87.0ஐத் தனியா எழுதி வைக்காதீங்க. 23 பேர்ல ஒருத்தர் மாறினாலே 4 புள்ளிக்கு மேல நகரும். பக்கத்துலயே '23ல 20'ன்னு போட்டுடுங்க.