கோழி எந்த ரெஜிமென்ட்?

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மாரே, பந்தலில் இடம் இல்லாமல் பைக்கில் உட்கார்ந்து கேட்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'உடல்நலத்துக்குத் துணை அடுப்படியா, பாக்கெட்டா?' என்ற தலைப்பில் நான் அடுப்படி பக்கம். நேரம் குறைவு. நேராகக் கோழிக்குப் போய்விடுகிறேன்.

கறிக்கோழி இல்லை. ஆராய்ச்சிக் கோழி. 1880களின் கடைசி, ஜாவா தீவு. இன்றைக்கு ஜகார்த்தா என்கிறோமே, அன்றைக்கு அது படேவியா. அங்கே டச்சுக்காரர்களின் ராணுவ மருத்துவமனை. பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப்போகும், நடை தளரும், முற்றினால் இதயத்தையே பாதிக்கும். இது கிருமியால் வருவது என்று நம்பி, கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டாக்டர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் கோழியெல்லாம் தள்ளாடுகிறது. கிருமி ஊசி போட்ட கோழியும் தள்ளாடுகிறது, போடாத கோழியும் தள்ளாடுகிறது. நம்ம ஊராக இருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்போம்!

கொஞ்ச மாதத்தில், மருந்தே இல்லாமல், அத்தனை கோழியும் எழுந்து ஓடுகிறது. டாக்டருக்குத் தலை சுற்றியது. விசாரித்தால், விஷயம் சமையற்கட்டில் இருக்கிறது. மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத்தான் அதுவரை கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். இடையில் சமையல்காரர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் கறார். பட்டாளத்து அரிசியைப் பட்டாளத்தில் இல்லாத கோழிக்குத் தர மாட்டேன் என்றுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கோழி தட்டோடு போய் வரிசையில் நிற்கிறது. "எந்த ரெஜிமென்ட்?" "கொக்கரக்கோ." "அடையாள அட்டை?" "கொக்கரக்கோ." "போ அந்தப் பக்கம்!" அந்தப் பக்கம் போனால் தவிடு போகாத மட்ட அரிசி. தின்றது, பிழைத்தது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு வந்தது. உண்மையில் அந்தக் கஞ்ச சமையல்காரருக்கு அல்லவா ஐயா கொடுத்திருக்க வேண்டும்! தவிட்டோடு போனது வைட்டமின் பி1 என்பதெல்லாம் பிறகுதான் தெளிவானது. இன்றைக்கு நம் வீட்டுக்கு ஒரு கஞ்ச சமையல்காரர் வேண்டும். பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கும்போது, "நீ எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்க ஓர் ஆள்.

நம்ம ஆட்கள் கதையும் இதில் உண்டு. மலாயாவில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் போனவர்களில், தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. உடனே அண்ணன் எழுந்து, "புழுக்குவதும் பதப்படுத்தல்தானே?" என்பார். ஆமாம் அண்ணே. அது சத்தை உள்ளே தள்ளுகிற வேலை. நீங்கள் தாங்குகிறீர்களே, அது வெளியே தள்ளுகிற வேலை.

அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். ஆலை உணவு வாரங்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. புள்ளிவிவரம் போதும். நீங்கள் கோழிக்குத்தான் கை தட்டினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அண்ணன் வைத்த குத்தலுக்கு வருகிறேன். "கீரை கீரை என்கிறீர்களே, அதை ஆய்கிறவள் யார்? பாக்கெட் வந்துதானே பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது" என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள். அண்ணே, ஆட்டுக்கல்லிலிருந்து எங்களை எழுப்பியது பாக்கெட்டா? கிரைண்டர் அண்ணே! புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிற கோயம்புத்தூர் கிரைண்டர். அது உளுந்திலிருந்து எதையும் பிடுங்கி எறியவில்லை. ஆறு மாதம் கெடாமல் இருக்க எதையும் சேர்க்கவும் இல்லை. எங்கள் தோள்வலியை மட்டும் எடுத்துக்கொண்டது. அப்புறம், கீரை ஆய ஆள் இல்லை என்கிறீர்களே, உங்கள் வீட்டு சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது ஆள் இல்லாமல் என்னவாம்?

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கம்பம் ஏறத் தெரியும், வெந்நீர் வைக்கத் தெரியாது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தூக்க முடியாமல் போனது. அம்மாவுக்கு முருங்கைக்கீரை என்றால் உயிர். அப்பா முதல் நாள் இரவே கீரைக்கட்டை ஈரத் துணியில் சுற்றி வைப்பார். காலையில் உதறினால் பாதி இலை தானாகக் கொட்டும். மீதியை முறத்தில் போட்டு உருவுவார். அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "அங்க பாருங்க, ஈர்க்கு கெடக்கு" என்பார். "எங்கடி?" என்று கண்ணாடியைத் தேடுவார் அப்பா. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை அண்ணே. சமைத்ததில் உப்பு கூடியிருக்கும். அம்மா ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. இடது கையால் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். அம்மா இப்போது இல்லை. எந்தக் கடைப் பாக்கெட்டைப் பிரித்தால் அண்ணே எனக்கு அந்த இரண்டு குரலும் கேட்கும்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்திருக்கிறேன். மேடை இறங்கும்போது அதை அண்ணன் கையில்தான் கொடுப்பேன். அண்ணி முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரிடம் கொடுக்க மாட்டேன். நன்றி, வணக்கம்.