சுவரில் நிற்கும் அந்தப் பெரிய சிலந்தி எது?

அனைவருக்கும் வணக்கம்.

ராத்திரி எழுந்து குளியலறை விளக்கைப் போடுகிறோம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்துக்கொண்டு ஒன்று நிற்கிறது. பயம் முந்திக்கொள்கிறது, கை துடைப்பத்தைத் தேடுகிறது. அந்தப் பயத்துக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

"பெரிய சிலந்தி, பழுப்பு நிறம், என்ன வகை?" என்று பல பேர் கேட்கிறார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி வகைகள் 50,000-க்கும் மேல்; அதில் பழுப்புக்குப் பஞ்சமே இல்லை. அளவிலும் குழப்பம்தான். நாம் காலையும் சேர்த்துச் சொல்கிறோம், ஆய்வாளர்கள் உடலை மட்டும் அளக்கிறார்கள். கை அகலம் தெரிகிற சிலந்திக்கு உடல் 2 அல்லது 3 செ.மீ.தான் இருக்கும்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே இருந்தது? வலை இருந்ததா? செடிகளுக்கு நடுவே வட்டமாக வலை கட்டி, அதன் மையத்தில் தலைகீழாகத் தொங்கினால் அது வட்டவலைச் சிலந்தி. தரையில் குடுகுடுவென்று ஓடினால் ஓநாய்ச் சிலந்தியாக இருக்கலாம். வலையே இல்லாமல் சுவரில் ஒட்டினாற்போல் நின்று, கிட்டே போனதும் படத்துக்குப் பின்னால் நழுவிவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் வேட்டைச் சிலந்தி. அதன் கால்கள் நண்டுக்கால் மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருக்கும். உடல் தட்டை. அவ்வளவு பெரியது இவ்வளவு சின்ன இடுக்கில் எப்படி நுழைந்தது என்று வியக்கிறோமே, காரணம் அதுதான்.

வெப்பநாடுகளில் வீட்டுக்குள் மிகுதியாகக் காணப்படும் வேட்டைச் சிலந்தி ஒன்று உண்டு. ஹெட்டிரோபோடா வெனடோரியா என்பது அதன் அறிவியல் பெயர். 1767-லேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதை விவரித்துவிட்டார். கப்பல் சரக்கோடு, குறிப்பாக வாழைத்தார்களோடு, ஊர் ஊராகப் பரவியது. முன்பக்கமிருந்து பார்த்தால் கண்களுக்குக் கீழே மீசை வைத்த மாதிரி ஒரு வெளிர்மஞ்சள் பட்டை தெரியும். ஆகவே, படம் எடுப்பவர்கள் முதுகை மட்டும் எடுக்காதீர்கள், முகத்தையும் எடுங்கள். கண்களின் அடுக்கைப் பார்த்தாலே குடும்பம் பிடிபட்டுவிடும். வேட்டைச் சிலந்திக்கு நாலு நாலாக இரண்டு வரிசை. ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே நாலு சின்னக் கண், அதன் மேலே இரண்டு பெரிய கண், அதற்கும் மேலே இரண்டு.

இதைவிடத் தெளிவான அடையாளம் ஒன்றை என் வீட்டிலேயே பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் வேட்டைச் சிலந்தி, சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக, வட்டமாக, தட்டையாக ஒரு வெள்ளைப் பையை மார்புக்கடியில் அணைத்து வைத்திருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். பையை விடவில்லை. அதை அணைத்தபடியே பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்து நின்றது. முட்டைப் பை அது. ஓநாய்ச் சிலந்தி என்றால் உடம்பின் பின்முனையில் ஒட்டவைத்து உருண்டையாக இழுத்துக்கொண்டு போகும். குஞ்சுகள் வந்ததும் முதுகில் சுமக்கும். வட்டவலைக்காரி சுமப்பதே இல்லை, எங்காவது ஒட்டி வைத்துவிடுவாள்.

விஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கரப்பான் பூச்சி தின்னும் இந்த வேட்டைச் சிலந்தி, நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், வீங்கும். உயிருக்கு ஆபத்தில்லை. உருவம் பெரிதென்றால் விஷமும் பெரிது என்பது தவறான கணக்கு. பெயர்பெற்ற கருப்பு விதவைச் சிலந்திக்கு உடல் ஒன்றரை செ.மீ. கூட வராது. அதற்காக, பெரியதெல்லாம் சாது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தென் அமெரிக்காவின் ஃபோனியூட்ரியா என்ற சிலந்தி பெரியது, ஆபத்தானது. மேலோட்டமாகப் பார்த்தால் வேட்டைச் சிலந்தி போலவே இருக்கும். இரண்டையுமே 'வாழைச் சிலந்தி' என்று அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எதுவானாலும் வெறுங்கையால் தொட வேண்டாம். வாய் அகன்ற டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி வெளியே விடலாம்.

சில நேரம் செத்த சிலந்தி என்று பயந்து காட்டுவது வெறும் உரித்த தோல்தான். தலைப்பகுதியின் மேல்மூடி திறந்து, உள்ளே வெறும் கூடாக இருக்கும், ஊதினால் பறக்கும்.

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்த தாயை நான் விரட்டவில்லை. சில வாரம் கழித்துப் பார்த்தபோது பை வெறுமையாகக் கிடந்தது. சுற்றிலும் குண்டூசித் தலையளவில் வெளிறிய குஞ்சுகள் சுவரெங்கும் நின்றுகொண்டிருந்தன.