“அவ என்னை அடிக்கல மேடம்”

நேயர்களுக்கு வணக்கம்.

அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். முத்தியால்பேட்டை மாடி வீடு ஒன்றில் இரண்டு பெண்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அக்கா தங்கை. உண்மையில் இணையர். ஆலோசனைக்கு வந்த இளையவள் எடுத்த எடுப்பில் சொன்னது, “அவ என்னை அடிக்கல மேடம்.”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சம்பளம் ஏறியதும் ஏடிஎம் கார்டு கைமாறிவிடும். கடலூரிலிருக்கும் அம்மாவிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். மறுத்துப் பேசினால், “உங்கப்பாவுக்கு நம்ம போட்டோவை அனுப்பட்டுமா?”

இந்தக் கேள்விதான் அந்த வீட்டின் பூட்டு. ஒரே ஒரு படம் போதும், வேலையும் வாடகை வீடும் பெற்றவர்களும் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம். அதனால் சத்தமே வருவதில்லை. வந்தாலும் அக்கம்பக்கத்தார் “பொம்பளைங்க சண்டை” என்பார்கள். இரண்டு ஆண்களென்றால் “பசங்க அடிச்சிக்கிறாங்க”. யார் ஒல்லி, யார் பலசாலி என்று பார்த்துப் பயனில்லை. யார் யாருக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறார் என்று பாருங்கள்.

போலீசுக்குப் போனால் நம்மையே பிடிப்பார்கள் என்று இன்னமும் நடுங்குகிறவர்கள் உண்டு. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் புகார் கொடுக்க முடியாது; பெண் இணையருக்கும் அதில் வழி தெளிவாக இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் அடிப்பதும் மிரட்டுவதும், யார் யாருக்குச் செய்தாலும், குற்றம்தான்.

தோழிக்கோ தம்பிக்கோ இப்படி என்று சந்தேகம் வந்தால் தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஆதார், மார்க் ஷீட், கொஞ்சம் பணம் உங்களிடம் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உதவுவதாக நினைத்து அவர்கள் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். எதைச் சொல்லி மிரட்டினார்களோ, அதை நாமே செய்து முடித்தவர்களாவோம்.

பெண்களுக்கு 181. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பக்கத்தில் ஆள் இருப்பதால் எழுதிக்கொள்ள முடியாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.