படலையும் வேலிப்பொட்டும்

வணக்கம் நேயர்களே. எங்கள் ஊர் வளவுகளுக்கு இரண்டு வழி இருக்கும். தெருப்பக்கம் படலை, பழைய வீடுகளில் அதற்குக் கூரையும் போட்டுச் சங்கடப்படலை என்பார்கள். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு. தெருவால் வருகிறவர் படலையில் நின்று கூப்பிட்டு, வந்த காரியத்தைச் சொல்லுவார். பக்கத்து வீட்டு மாமி பொட்டால் வந்து நேரே குசினியில் நின்று கறிவேப்பிலை கேட்பார். மென்பொருள் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான்: தூரத்திலிருந்து அழைப்பவருக்கு ஒரு வழி, உள்ளுக்குள் அழைப்பவருக்கு வேறு வழி.

நிறுவனங்களுக்கான மென்பொருளை ஜாவா மொழியில் எழுத உதவும் என்டர்பிறைஸ் ஜாவா பீன்ஸ் 1998இல் வந்தபோது, வேலை செய்கிற கிளாஸ், அதாவது நிரல், வேறு, என்னென்ன கேட்கலாம் என்று வெளியே காட்டும் இடைமுகம் வேறு என்றே வைத்தார்கள். அழைப்பவர் இடைமுகத்தை மட்டும் பார்க்கிறார். நடுவில் நிற்கும் கன்டெய்னர் என்ற மென்பொருள் அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, பரிவர்த்தனையைத் தொடக்கி, அப்புறம்தான் உள்ளே விடும். கிளாஸையே நேராகக் கையில் கொடுத்தால் இந்தக் காவல் எல்லாம் வீண்.

சரி, ஒரே இடைமுகம் போதாதா? 2001இல் வந்த 2.0 பதிப்பு, ஒரே சேர்வருக்குள் இருப்பவர்களுக்கென்று லோக்கல் இடைமுகத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. அதுதான் வேலிப்பொட்டு, தூரத்திலிருந்து வருபவருக்கான றிமோட் இடைமுகம் படலை. தூரத்திலிருந்து அழைத்தால் தரவின் நகல்தான் போகும். உள்ளுக்குள் அழைத்தால் அதே பொருளே கைக்கு வரும். இந்த வித்தியாசத்தை நான் பட்டுத்தான் படித்தேன்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கணக்கு எழுதினோம். கிளைகளுக்கும் தலைமையகத்துக்கும் ஒரே இடைமுகம். வேகத்துக்காக, ஒரே சேர்வருக்குள் நகல் எடுக்க வேண்டாம் என்று ஒரு செற்றிங்கையும் போட்டோம். அறிக்கை அச்சிடும் நிரல், கட்டி முடித்த தவணைகளைப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை அச்சடிக்கும். கிளையிலிருந்து சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை, கழிந்தது நகலில். சேர்வர் இருந்த தலைமையகத்தில், அதே சேர்வருக்குள் ஓடியபோது மூலப் பட்டியலிலேயே தவணைகள் காணாமற்போயின. கடன் கட்டிய ஒரு அம்மா ரசீதோடு வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருடைய முகம் இன்னும் நினைவில் நிற்கிறது.

2006இல் வந்த 3.0 பதிப்பில், ஒரே இடைமுகத்தை லோக்கலாகவும் றிமோட்டாகவும் அறிவிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. 2009இல் 3.1 வந்தபோது இடைமுகமே இல்லாமலும் எழுதலாம் என்றார்கள். அந்தச் சலுகை உள்ளுக்குள் அழைப்பவர்களுக்கு மட்டும். தூரத்திலிருந்து வருபவருக்கு இடைமுகம் அப்போதும் கட்டாயம். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பிறகு நாங்கள் எங்கள் கடன் கணக்கின் இடைமுகத்தை இரண்டாகப் பிரித்தோம். கிளைகளுக்கான இடைமுகத்தில் 4 செயல்கள்தான். பெயருக்கு ஒருமுறை, நிலுவைக்கு ஒருமுறை, தவணைக்கு ஒருமுறை என்று வலையமைப்பில் போய்வராமல், ஓர் அங்கத்தவரின் முழு விபரமும் ஒரே அழைப்பில் வந்துவிடும். சின்னச் சின்னக் கேள்விகளெல்லாம் உள் இடைமுகத்துக்குப் போயின. அறிக்கை நிரலுக்குக் கொடுக்கும் பட்டியலை, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டித்தான் கொடுக்கிறோம்.

நன்றி, வணக்கம்.