பாரசீக வளைகுடா: எண்ணெயை மட்டும் பாக்காதீங்க, தண்ணியையும் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். கல்ஃப்னு சொன்னாலே நமக்கு துபாய், குவைத், விசா, வீட்டுக்கு வர்ற பணம்தான் ஞாபகம் வரும், ஆனா அந்தப் பேரு முதல்ல ஒரு கடலோட பேரு, இன்னைக்கு அந்தக் கடலப் பத்திதான் பேசப்போறேன்.

நீளம் கிட்டத்தட்ட 990 கிலோமீட்டர், சுத்தி எட்டு நாடு. ஈரான் பாரசீக வளைகுடாங்குது, அரபு நாடுங்க அரபு வளைகுடாங்குது, பேர்லயே சண்டை. நான் முக்கியமா நெனைக்கிறது ஆழத்ததான். சராசரி சுமார் 35 மீட்டர், அவ்வளவுதாங்க! நம்ம ஊர் பத்து மாடிக் கட்டடத்த உள்ள எறக்குனா மொட்டை மாடி வரைக்கும்தான் மூழ்கும். பனியுக காலத்துல கடல் மட்டம் எறங்கியிருந்தப்ப இது மொத்தமும் காஞ்ச நெலமா, நடுவுல ஆறு ஓடுற பள்ளத்தாக்கா இருந்துச்சு.

வெளிய போக ஒரே வாசல் ஹோர்முஸ் ஜலசந்தி. குறுகலான எடத்துல 40 கிலோமீட்டர்கூட கெடையாது, அதுலயும் பெரிய டேங்கர் போறதுக்கு ஒரு லேன், வர்றதுக்கு ஒரு லேன், ஒவ்வொண்ணும் மூணு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த வாசல்ல உக்காந்தவன் கைலதான் சாவின்னு போர்ச்சுகீசியர் 1507லயே புரிஞ்சுக்கிட்டாங்க, அவங்க தளபதி அல்புகர்க் வந்து ஹோர்முஸ் தீவ அடிச்சான், 1622ல ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல சேத்துக்கிட்டு அவங்கள வெரட்டுனாரு.

எண்ணெய்க்கு முன்னாடி அங்க சோறு போட்டது முத்து. மூக்குல கிளிப் மாட்டி, கால்ல கல்லக் கட்டி மூச்சடக்கி எறங்குவாங்க, கயிற ஆட்டுனா மேல இருக்குறவர் இழுக்கணும், அவரு கொஞ்சம் அசந்தாலும் உயிர் போச்சு. நம்ம மன்னார்லயும் கல்லக் கட்டித்தான் குளிச்சாங்க, அரபு முத்துக்குளிகாரங்க இலங்கைக் கரைக்கே வந்து குளிச்சிருக்காங்க. ஜப்பான் வளர்ப்பு முத்து வந்ததும் 1930கள்ல அந்தப் பொழப்பே படுத்துருச்சு. அதே சமயம் 1932ல பஹ்ரைன்ல, 1938ல சவுதியிலயும் குவைத்துலயும் எண்ணெய் கெடச்சுது. ஈரான்ல 1908லயே கெடச்சாச்சு.

அப்புறம்தான் உலகமே அந்த வாசலப் பாக்க ஆரம்பிச்சுது. 2024ல தினமும் சுமார் 2 கோடி பேரல் அது வழியா போச்சு, உலகம் செலவழிக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு. கத்தார் கேஸ் கப்பலுக்கும் வேற வழி கெடையாது. சவுதி செங்கடல் பக்கம் யான்புவுக்கும், எமிரேட்ஸ் அந்த வாசலுக்கு வெளிய இருக்குற ஃபுஜைராவுக்கும் பைப்லைன் போட்டு வச்சிருக்காங்க, ஆனா முழுசையும் அதுல தள்ள முடியாது. ஈரான்-இராக் போர்ல டேங்கருங்களையே குறிவச்சு அடிச்சாங்க, 1988 ஜூலை 3ல அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரான் பயணிகள் விமானத்த சுட்டு 290 பேர் செத்தாங்க, அத சொல்லும்போது எனக்கு இப்பவும் மனசு கனக்குது.

எல்லாரும் எண்ணெயோட நிறுத்திக்கிறாங்க. ஆழமில்லாத கடல், கொளுத்துற வெயில், ஆத்துத் தண்ணி இராக் பக்கம் ஷத் அல் அரப் ஆத்துலேருந்து கொஞ்சம், அதனால உப்பு ஜாஸ்தி, தண்ணி மாறவே வருஷக்கணக்காகும். குவைத், கத்தார், பஹ்ரைன்லாம் பெரும்பாலும் குடிக்கிறது இந்தக் கடலத்தான், உப்ப எடுத்துட்டு. 1991 போர்ல எண்ணெயக் கடல்ல தெறந்து விட்டப்ப, சவுதியில ஜுபைல் குடிதண்ணி பிளான்ட் வாய்ல எண்ணெய் நுழையாம மெதவைத் தடுப்பு போட்டுக் காத்தாங்க, ஏன்னா அங்கேருந்து ரியாத்துக்கே பைப்புல தண்ணி போகுது. அங்க லேபர் கேம்ப்ல நம்ம பசங்க ஷிஃப்ட் முடிச்சு வந்து குழாயத் தெறந்தா வர்றதும் அந்தத் தண்ணிதான்.